நாலு சில்லு வண்டியில் ஓடப் போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவிலிருந்து மச்சான் லீவில் வந்திருந்தபோதுதான் இந்த ஆசை தொடங்கியது. ஏடிவி என்கிற நாலு சில்லு வண்டி எடுத்து இரண்டு நாள் காட்டுப்பாதையில் ஓட வேண்டும் என்றார். பாசிக்குடாவில் கடலைப் பார்த்த அறை மலிவாகக் கிடைத்ததால் உடனே காசு கட்டினோம். அதற்குப் பிறகுதான் வண்டி தேடினோம். வண்டியும் ஓடக்கூடிய காணியும் கிடைத்தது பொத்துவில் பக்கம். பாசிக்குடா மட்டக்களப்பு நகரத்துக்கு வடக்கே 30 கிலோமீற்றருக்கு மேல். பொத்துவில் தெற்கே 100 கிலோமீற்றருக்கு மேல். அறைக்குக் கட்டிய 28,000 ரூபா திரும்பி வரவில்லை. ஓடப் போன இடத்தில் பொலிஸ் மறித்து அரை நாள் போனது. கடைசியில் வண்டிக்குக் கட்டிய டெபொசிட்டிலும் 15,000 வெட்டினார்கள்.

இரண்டாம் முறை அதே ஆறு பேரும் போய் மனநிறைவோடு திரும்பினோம். பெரிதாக மாறியது வேலையின் ஒழுங்குதான். முதலில் தடம், பிறகு அனுமதி, பிறகு வண்டி, அறை கடைசியில். பெரும்பாலானவர்கள் நாங்கள் செய்த மாதிரி அறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

1. எங்கே ஓடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"கிழக்கில் காடு நிறைய இருக்கு, எங்கேயும் ஓடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காடு இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழும் வன பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழும் வருகிறது. குமண, லகுகலை, கல்லோயா ஆகிய மூன்றும் தேசிய வனங்கள். அவற்றுக்குள் மோட்டார் சைக்கிளுக்கே இடமில்லை, ஏடிவிக்கும் இல்லை. குமண பார்க்க ஆசையென்றால் அதற்கு வேறொரு நாளை ஒதுக்கி ஜீப்பில் போங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் கலக்க நினைத்துத்தான் பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

அப்படியென்றால் மிச்சம் என்ன? நடைமுறையில் மூன்று வழிகள்.

முதலாவது, வண்டி வாடகைக்குக் கொடுப்பவரே வைத்திருக்கும் தடம். சின்னதாக இருக்கும், ஒரு மணித்தியாலத்தில் அலுத்துவிடும். ஆனால் முதன்முதலாக ஓடுபவருக்கு அதுவே சரியான இடம். கைபழக அங்கே ஒரு காலை ஓடிவிட்டு மறுநாள் பெரிய இடத்துக்குப் போகலாம்.

இரண்டாவது, தனியார் காணி. தென்னந்தோட்டம், மரமுந்திரிகைத் தோட்டம், பயிர் செய்யாமல் கிடக்கும் மேட்டு நிலம். நாங்கள் இரண்டாம் முறை ஓடியது இப்படி ஒரு காணியில்தான். சொந்தக்காரர் வெளியூரில் இருந்தார், காவலுக்கு ஒருவர் இருந்தார். சொந்தக்காரரோடு ஒரு தரம் கோலில் கதைத்து, வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சம்மதம் வாங்கி, காவல்காரரை நேரில் கண்டு எல்லையைக் கேட்டுக்கொண்டோம். மணல், கிறவல், சின்ன ஓடை, பற்றைக்காடு எல்லாம் அந்தக் காணிக்குள்ளேயே இருந்தன.

மூன்றாவது, பொதுப் பாதையாக இருக்கும் கிறவல் வீதிகள். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இப்படி நிறைய உண்டு. வெல்லாவெளி, தாந்தாமலை, உன்னிச்சைப் பக்கம் போனால் இரண்டு பக்கமும் வயலும் குளமுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அது பொது வீதி. இலக்கத்தகடு, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் இல்லாத வண்டி அங்கே ஓடக்கூடாது. பல ஏடிவிகளில் இந்த மூன்றும் கிடையாது. ஆகவே படுவான்கரை வீதிகள்தான் ஆசையென்றால் ஏடிவியை விட்டுவிட்டு, பதிவுள்ள ட்ரெயில் மோட்டார் சைக்கிள் எடுப்பதுதான் புத்தி. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் ஏற்றிக்கொண்டு போகவும் மோட்டார் சைக்கிள்தான் வசதி. வெளியூர்க்காரருக்கு ஒரு சொல்: இங்கே "பாதை" என்றால் வாவியைக் கடக்கும் படகு. வழி கேட்கும்போது குழம்ப வேண்டாம்.

கடற்கரையை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான். அறுகம்குடாவிலிருந்து பாணமை, உகந்தை வரையுள்ள மணலில் கடலாமைகள் முட்டையிடும். குழியின் மேல் சில்லு ஏறினால் மேலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது, உள்ளே எல்லாம் போய்விடும். கடலாமையும் அதன் முட்டையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அதோடு விடியற்காலையில் கரைவலை இழுப்பார்கள். கயிறு மணலில் பாதி புதைந்து கிடக்கும், வண்டியிலிருந்து கண்ணில் படாது. ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு அந்தக் கயிற்றில் இருக்கிறது. கடற்கரையை நடந்து பாருங்கள், போதும்.

2. காலம் பார்ப்பது

மேயிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். ஒக்டோபர் கடைசியில் மாரி தொடங்கினால் ஜனவரி வரை நிலம் இளகிக் கிடக்கும். களிமண் நிலத்தில் வண்டி புதைந்தால் இன்னொரு வண்டி கட்டி இழுத்தாலும் வராது, உழவு மெசின்தான் வேண்டும்.

நல்ல காலத்துக்குள்ளும் நாள் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று மதியத்துக்குப் பிறகு புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கும். முன்னால் போகிறவரின் வண்டியே தெரியாது. ஆகவே ஓட்டத்தைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு நிறுத்துங்கள். பின்னேரம் ஓடுவதென்றால் 3.30க்குத் தொடங்கி 5 மணிக்கு முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு யானை இறங்கும் நேரம்.

அறை கிடைக்காத நாட்கள் சில உண்டு. ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பில் மாமாங்கத் தீர்த்தம், திருக்கோவிலிலும் தீர்த்தம். அந்தக் கிழமை வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரை முழுவதும் சனம். அதே காலத்தில்தான் உகந்தைத் திருவிழாவும் வரும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பொத்துவில், பாணமை வழியாக நடப்பார்கள். அந்த வீதிகளில் அந்த நாட்களில் புழுதி கிளப்பிக்கொண்டு போவது சரியில்லை. பயணத்தைத் தள்ளி வையுங்கள். போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) வெள்ளியோ திங்களோ வந்து நீண்ட விடுமுறையானால் அறுகம்குடாவில் விலையும் ஏறும், இடமும் இருக்காது.

நோன்பு மாதத்தில் வந்தால் காத்தான்குடி, அக்கரைப்பற்று, பொத்துவிலில் பகலில் சாப்பாட்டுக் கடை கிடைப்பது கஷ்டம். தங்குமிடத்திலேயே சமையலுக்குச் சொல்லி வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், பெற்றோலும் சாமானும் அதற்கு முன்னரே வாங்கிவிடுங்கள்.

வயலும் கணக்கில் வர வேண்டும். சிறுபோக அறுவடை நேரத்தில் கிறவல் வீதியிலும் தார் வீதியிலும் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அதன் மேல் ஏறாதீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதென்றாலும் பரவாயில்லை.

3. அனுமதி: யாரைக் கேட்பது

தனியார் காணியென்றால் சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதம். அது உண்மையில் தனியார் காணிதானா என்பதை அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இதை நாங்கள் முதல்முறை செய்யவில்லை. "இது எங்கட காணிதான்" என்று காட்டியவரின் வேலிக்கு அப்பால் அரச காணி இருந்தது. எல்லை எங்கே என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் சரியாகத் தெரியாது. கிராம உத்தியோகத்தரைக் காணப் பிரதேச செயலகத்தில் அவருக்குரிய நாளைக் கேட்டுப் போங்கள். மற்ற நாளில் போனால் வெளிக்கள வேலையில் இருப்பார்.

வயலை ஒட்டிப் போவதென்றால் வயல்களையும் வாய்க்கால் தண்ணீரையும் மேற்பார்க்கும் வட்டைவிதானையைக் காணுங்கள். எந்த வாய்க்கால் வீதியில் வாகனம் போகலாம், எந்த வரம்பு புதிதாகக் கட்டியது, எங்கே யானை வேலிக்கு மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் போதும், ஆனால் நேரில் போக வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரு முழு நாளை வையுங்கள், பயணத்துக்கு மூன்று கிழமை முன்னராவது. போகும்போது ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் பாதி வேலை தானாக முடியும். தடத்தை ஒரு தரம் நடந்தோ மோட்டார் சைக்கிளிலோ பார்த்துவிடுங்கள். மூடாத கிணறு, அறுந்து கிடக்கும் முட்கம்பி, ஓடையின் ஆழம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வண்டியும் கடுதாசியும்

வாடகைக்குக் கொடுப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையல்ல. "வண்டிக்கு இலக்கத்தகடு இருக்கா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வண்டி பொது வீதியில் ஓரடியும் ஓடக்கூடாது. அப்படியான வண்டியை லொறியில் ஏற்றிக் காணிக்குள் இறக்கி, அங்கேயே ஓடி, அங்கேயே ஏற்ற வேண்டும்.

முதல்முறை பொலிஸ் எங்களை மறித்தது இந்த விஷயத்தில்தான். காணியின் கேற்றிலிருந்து மறுபக்கத் தோட்டத்துக்கு வீதியைக் கடந்து 200 மீற்றர் இருக்கும். "இந்தப் பக்கம் ஒருத்தரும் கேட்க மாட்டாங்க, போங்க தம்பி" என்றார் வண்டிக்காரர். கேட்டார்கள். கேட்டது சரிதான், பிழை எங்கள் பக்கம். வண்டி ஓட்டியவர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: எல்லோருடைய அடையாள அட்டை, ஓட்டுபவரின் சாரதி அனுமதிப்பத்திரம், பதிவுள்ள வண்டியென்றால் பதிவுப் புத்தகத்தின் பிரதி, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், காணிச் சம்மதத்தின் பிரதி. ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வையுங்கள். போனில் படமாகவும் இருக்கட்டும், ஆனால் சில இடங்களில் சிக்னல் விழாது, படத்தைத் தரவிறக்கி வைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களுக்கு ஒரு விஷயம். அவர்களின் நாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் காட்டி இங்கே பொது வீதியில் ஓட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் கொண்டு வந்தால் கொழும்பில் இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் அதை அங்கீகரித்து வாங்க வேண்டும். அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில், வேரஹெரவிலோ 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலோ, தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். கிழக்குக்கு வந்து இறங்கிய பிறகு இது நினைவுக்கு வந்தால் திரும்பக் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டும். எங்கள் மச்சானுக்கு அதுதான் நடந்தது. அவர் காணிக்குள் மட்டும் ஓடினார்.

காப்புறுதி பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மற்றவருக்கு நடக்கும் சேதத்துக்குத்தான். உங்கள் கால் முறிந்தாலோ வண்டி புரண்டு நசிந்தாலோ அதில் ஒன்றும் வராது. தனியே விபத்துக் காப்புறுதி வைத்திருப்பவர்கள், ஏடிவி ஓட்டம் அதற்குள் அடங்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாடகை ஒப்பந்தம் ஒரு பக்கக் கடுதாசியாக இருந்தாலும் சரி, இருக்க வேண்டும். வாடகை மணித்தியாலக் கணக்கா அரைநாள் கணக்கா, பெற்றோல் யாருடையது, லொறிக் கூலி சேர்ந்ததா, ஹெல்மெட் தருவார்களா, இடைநடுவில் வண்டி பழுதானால் அந்த நேரத்துக்குக் காசு கழிப்பார்களா, டெபொசிட் எப்போது திரும்பும். இந்த ஆறுக்கும் பதில் அதில் எழுதப்பட்டிருக்கட்டும்.

5. வண்டியைக் கையேற்கும் அந்த அரை மணித்தியாலம்

இரண்டாம் முறை லொறி வந்து நின்றபோது விடிந்தும் விடியாத நேரம். நான் இறக்கவிடவில்லை. "காக்கா, கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்" என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நின்றார். வெளிச்சம் வந்ததும் போனில் வீடியோ போட்டுக்கொண்டு ஒவ்வொரு வண்டியையும் சுற்றினேன். முதலாவது வண்டியில் இடது மட்கார்ட்டின் கீழே விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, சேறு பூசி மறைந்திருந்தது. விரலால் துடைத்ததும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இதே மாதிரி ஒரு வெடிப்புக்குத்தான் முதல்முறை எங்களிடம் 15,000 வாங்கினார்கள். இந்த முறை வெடிப்பை வீடியோவில் காட்டி, அவருடைய வாயாலேயே "இது முந்தியே இருந்தது" என்று சொல்ல வைத்தேன். எந்தச் சண்டையும் இல்லை.

சேதத்தைப் பார்த்த பிறகு, ஓடும் பாகங்கள். வலது பெருவிரலால் அழுத்தும் த்ரொட்டிலை முழுக்க அழுத்தி விடுங்கள். டக்கென்று தானாகத் திரும்ப வேண்டும். மெதுவாக வந்தாலோ நடுவில் நின்றாலோ அந்த வண்டியை எடுக்காதீர்கள். மூன்றாவது வண்டியில் மணல் ஏறி அது ஒட்டிக்கொண்டு நின்றது. கழற்றித் துப்புரவாக்கிய பிறகுதான் கையேற்றோம். ஓடும்போது அப்படி நின்றிருந்தால் மரத்தில்தான் போய் நிற்கும். எஞ்சினை நிறுத்தும் சிவப்பு ஆளி வேலை செய்கிறதா என்று ஓடவிட்டு அமத்திப் பாருங்கள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியே பிடித்துத் தள்ளிப் பாருங்கள்.

ரயர் காற்று முக்கியம். ஏடிவி ரயருக்குக் கார் மாதிரி 30 பிஎஸ்ஐ அடிக்கக்கூடாது. பெரும்பாலான வண்டிகளுக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான். சரியான அளவு வண்டியிலேயே ஒட்டியிருக்கும். ரயர்க் கடையில் பழக்கதோஷத்தில் இறுக அடித்துவிடுவார்கள். இறுகிய ரயர் மணலில் புதையும், கல்லில் துள்ளும். கார் மானியில் இந்தச் சின்ன அளவு சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கான மானி ஒன்றை வாங்கி வையுங்கள்.

6. தங்குமிடம்

இப்போதுதான் அறை. தடம் தெரியும், தேதி தெரியும், வண்டி எப்படி வரப்போகிறது என்றும் தெரியும். இனித் தேடுவது சுலபம், ஏனென்றால் எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

அறுகம்குடாவில் முதலில் கண்ணில் படுவது கபானாக்கள் என்கிற சின்னக் குடில்கள். அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்கு அவை அருமை. உங்களுக்குச் சரிவராது. ஒழுங்கைகள் ஒடுக்கம், மணல், லொறி உள்ளே போய்த் திரும்ப முடியாது. சீசனில் இரவு நெடுநேரம் சத்தம் இருக்கும். நீங்கள் காலை 5 மணிக்கு எழும்ப வேண்டும். நீங்கள் வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார். பாசிக்குடாவின் பெரிய ஹோட்டல்களில் சேற்று வண்டியோடு போனால் காவலர் கேற்றிலேயே மறிப்பார். மட்டக்களப்பு, கல்முனை நகர லொட்ஜ்களில் வண்டி நிறுத்த இடமே இராது.

நாங்கள் தேடியது வளவு உள்ள வீடு. கெஸ்ட் ஹவுஸ் என்றோ ஹோம்ஸ்டே என்றோ பலகை போட்டிருக்கலாம், முக்கியம் வளவு. பொத்துவில், கோமாரி, திருக்கோவில் பக்கம் வீதியிலிருந்து சற்று உள்ளே, மதிலும் இரும்புக் கேற்றும் உள்ள பெரிய வளவு வீடுகள் உண்டு. மூன்று வண்டியும் வானும் லொறியும் உள்ளே நின்றால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

கோல் எடுத்து விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கேற்றின் அகலம் எவ்வளவு, லொறி வருமா? மேலே மின்கம்பி தாழ்வாகப் போகிறதா? வண்டியைக் கழுவ இடம் உண்டா, தண்ணீர் எதிலிருந்து? காலை 5.30க்குத் தேநீரும் ஏதாவது சாப்பாடும் தர முடியுமா? சாரதிக்குப் படுக்கை உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லொறிச் சாரதியும் வான் சாரதியும் இரவு முழுதும் சீட்டில் சுருண்டு படுத்தால் மறுநாள் உங்களை ஏற்றிக்கொண்டு பொத்துவில்–மட்டக்களப்பு ஏ4 வீதியில் ஓடப்போவது அவர்கள்தான். அவர்களுக்கும் ஒரு கட்டில், ஒரு நுளம்பு வலை, ஒரு சோற்றுப் பார்சல் கேட்டு வாங்குங்கள். செலவு பெரிதாகக் கூடாது.

எங்கள் வீட்டுக்கார ராத்தா கோலில் என்னைத்தான் முதலில் கேள்வி கேட்டா.

"வண்டிய எத்தன மணிக்கு ஸ்டார்ட் பண்ணுவீங்க தம்பி?"

"ஆறு மணிக்கு ராத்தா."

"பக்கத்து வீட்டுல பிள்ள பொறந்து பத்து நாள். ரோட்டு மட்டும் தள்ளிக்கிட்டுப் போவீங்களா?"

தகடு இல்லாத வண்டியை லொறியில்தான் ஏற்றுவோம், வளவுக்குள் ஸ்டார்ட் பண்ணமாட்டோம் என்றேன். அதற்குப் பிறகுதான் விலை சொன்னா. முன்னர் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அறை எடுத்து, போய் இறங்கிய பின் மறுக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஏடிவி கொண்டு வருகிறோம் என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தடத்துக்கும் தங்குமிடத்துக்கும் இடையே 20 நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். அரை மணித்தியாலம் கூடினால் காலைக் குளிர்ச்சி போய்விடும், பின்னேரம் இருட்டில் திரும்ப வேண்டி வரும். பொத்துவிலிலிருந்து லகுகலைப் பக்கம் போகும் வீதியிலும் பாணமைக்குப் போகும் வீதியிலும் இருட்டிய பிறகு யானை நிற்கும். அந்த வீதிகளில் அறை எடுத்தால் 5.30க்கு முன் உள்ளே போய்விடுங்கள்.

முற்பணம் பாதிக்கு மேல் கட்டாதீர்கள். கட்டுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதி அனுப்புங்கள்: எத்தனை இரவு, எத்தனை அறை, என்ன விலை, எத்தனை வண்டி வளவுக்குள் நிற்கும், மழை வந்து பயணம் தள்ளிப்போனால் முற்பணத்தை வேறு தேதிக்கு மாற்றுவார்களா. அவர்கள் "ஓகே" என்று ஒரு சொல் அனுப்பினால் போதும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுள்ள இடமா என்றும் கேட்கலாம். பதிவுள்ள இடத்தில் பற்றுச்சீட்டும் ஒழுங்காகக் கிடைக்கும். போய் இறங்கியதும் எல்லோருடைய அடையாள அட்டை, வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் விவரம் எழுதுவார்கள். மூலத்தைக் கொடுத்து வைக்காதீர்கள், பிரதி கொடுங்கள்.

7. எங்களுக்கு வந்த செலவு

ஆறு பேர், இரண்டு இரவு, மூன்று வண்டி, இரண்டு அரைநாள் ஓட்டம். வண்டி வாடகை 90,000. லொறி 18,000. மட்டக்களப்பிலிருந்து போய்வர வான் 30,000. மூன்று அறைக்கு இரண்டு இரவு 39,000. சாப்பாடு, சாரதிமாருக்கும் சேர்த்து, 36,000. வண்டிகளுக்குப் பெற்றோல் கிட்டத்தட்ட 14,000. காணிக் காவல்காரருக்கு 6,000. மருந்துப் பெட்டிக்கும் சில்லறைக்கும் 4,000. மொத்தம் 237,000, ஆளுக்கு 39,500 ரூபா. டெபொசிட் 60,000 தனி, அது திரும்பி வந்தது. நீங்கள் போகும்போது விலை மாறியிருக்கும், ஆனால் எந்தப் பங்கு பெரிது என்று இதிலிருந்து தெரியும். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அறையில் குறைக்கப் பார்க்கிறார்கள். வண்டி வாடகையில்தான் குறைக்கலாம்: ஆறு பேருக்கு மூன்று வண்டி போதும், மாறி மாறி ஓடினால் களைப்பும் குறையும்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ரெயிலில் வந்தால் மட்டக்களப்பு கடைசி ஸ்ரேஷன். அதற்குத் தெற்கே பஸ் அல்லது வான்தான். நேரடி பஸ் பிடிபடாவிட்டால் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ மாறலாம். சாமானோடு பஸ் மாறுவது அலைச்சல், ஆறு பேரென்றால் வான்தான் நல்லது.

கையில் காசு வையுங்கள். காவல்காரர், லொறி, சின்னக் கடை, ரயர்க் கடை எல்லாம் காசுதான். பெற்றோலைப் பொத்துவில் ஷெட்டில் நிரப்புங்கள். கானில் வாங்குவதென்றால் முதல் நாளே போய்க் கேட்டு வையுங்கள், திடீரென்று கானோடு போய் நின்றால் கொடுக்காமல் விடலாம்.

8. ஓடும் நாள்

ஹெல்மெட், கணுக்காலை மூடும் சப்பாத்து, முழுக்கைச் சட்டை, தடித்த காற்சட்டை, கையுறை, கண்ணாடி. செருப்போடு ஒருவரையும் ஏற்றாதீர்கள், அது மச்சானாக இருந்தாலும் சரி. ஒருவருக்கென்று செய்த வண்டியில் இருவர் ஏறக்கூடாது. பின்னால் ஆள் ஏறினால் மேடு ஏறும்போது வண்டி பின்பக்கமாகப் புரளும். பெரிய ஏடிவிகளில் 16 வயதுக்குக் கீழ் ஓட்டக்கூடாது என்று தயாரிப்பாளர்களே வண்டியில் ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் அழுதாலும் கொடுக்க வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இது நாலு சில்லு, தானாகச் சாயாது. திரும்பும்போது உடம்பைத் திரும்பும் பக்கத்துக்கு நீங்கள்தான் சாய்க்க வேண்டும். மேடு ஏறும்போது முன்னுக்கு, இறங்கும்போது பின்னுக்கு. கால் நழுவி நிலத்தில் ஊன்றினால் பின் சில்லு கணுக்காலில் ஏறும். காலைத் தட்டிலேயே வைத்திருங்கள், வண்டி ஆடினாலும்.

ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர், ஒரு தோடம்பழம், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள். முன்னால் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் வருகிறவர் தெரியும்வரை நிற்க வேண்டும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்று, மெதுவாகத் திருப்பி வந்த வழியே போங்கள். ஹோர்ன் அடிப்பது, எஞ்சினை உறுமவிடுவது, படம் எடுக்கக் கிட்டப் போவது எதுவும் வேண்டாம்.

வயல் சேற்றிலோ தேங்கிய தண்ணீரிலோ இறங்குவதென்றால் காலில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். எலிக்காய்ச்சல் இந்தப் பகுதியில் உள்ள நோய். போவதற்கு முன் வைத்தியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டால் தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்வார்கள். திரும்பி வந்து நாலு கிழமைக்குள் காய்ச்சலும் தசைநோவும் வந்தால் சேற்றில் இறங்கியதை மறக்காமல் சொல்லுங்கள்.

விபத்தென்றால் 1990 சுவசெரிய, இலவச அம்புலன்ஸ். பொலிஸ் 119. யானை, வனவிலங்குப் பிரச்சினைக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992. பொத்துவிலிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலை உண்டு. காணிக்குள் போகும் வழியை அம்புலன்ஸ்காரருக்கு எப்படிச் சொல்வது என்று முதல் நாளே யோசித்து, பக்கத்திலுள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலை ஏதாவது ஒன்றின் பெயரைக் குறித்து வையுங்கள்.

9. வண்டியைத் திருப்பிக் கொடுத்தல்

வெளிச்சத்தில் கொடுங்கள். மாலை 4 மணிக்கு லொறியை வரச்சொன்னால் 5 மணிக்குள் கணக்கு முடியும். வண்டியைக் கழுவி, வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலை எடுத்த வீடியோவோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். டெபொசிட்டை அங்கேயே, வண்டி லொறியில் ஏறும் முன் வாங்கிவிடுங்கள். "நாளைக்கு அக்கவுண்டில போடுறன்" என்றால் லொறியின் பின்கதவைப் பூட்டவிடாதீர்கள்.

கழுவுவது கிணற்றடியில் வேண்டாம். ஓகஸ்டில் அந்தப் பக்கக் கிணறுகளில் தண்ணீர் அடிக்குப் போயிருக்கும், எண்ணெயும் சேறும் வழிந்து அதற்குள்தான் இறங்கும். நாங்கள் ராத்தாவிடம் கேட்டு வளவின் கடைசியில், தென்னைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு வாளித் தண்ணீரில் முதலில் சேற்றைச் சுரண்டிவிட்டுத் துடைத்தோம். மூன்று வண்டிக்கும் முக்கால் மணித்தியாலம் போனது. அந்த நேரத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.